அமெரிக்காவின் உரிமையற்ற உள்ளூர் மொழி

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 4 கோடிக்கும் அதிகமானோர் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். ஸ்பெயின் நாட்டின் மொத்த மக்கள்தொகையே 5 கோடியைத் தாண்டாது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் கனம் விளங்கும். தொலைக்காட்சி, வானொலி, விளம்பரப் பலகை, ஏடிஎம், வாடிக்கையாளர் சேவை எண் என்று அன்றாட வாழ்க்கையின் எல்லா மூலைகளிலும் அந்த மொழி ஒலிக்கிறது. ஆயினும் சட்டத்தின் பார்வையில் அதற்கு என்ன இடம் என்று தேடினால் கிடைக்கும் விடை மனத்தை உறுத்துகிறது. ஸ்பானிஷை இந்த நாட்டின் மொழிகளுள் ஒன்றாக ஏற்று அதற்கென ஓர் உரிமையைக் கூட்டாட்சிச் சட்டம் வழங்கவே இல்லை. ஆங்கிலம் போதாதவர்களுக்குச் சில உதவிகளை மட்டும் வழங்கியிருக்கிறது. உதவி என்பது குறை இருக்கும்வரைதான். ஆங்கிலம் வந்துவிட்டால் ஸ்பானிஷுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த தொடர்பும் அறுந்துவிடுகிறது. டெக்சஸில் வாழ்ந்துவரும் இந்த ஆண்டுகளில் நான் படித்ததிலும் பார்த்ததிலும் மீண்டும் மீண்டும் தட்டுப்பட்டது இந்த ஒரு விஷயம்தான்.

ஸ்பானிஷ் குடியேறிகளோடு பின்னால் வந்து சேர்ந்த மொழி என்ற எண்ணம் நம்மவர்களிடையேயும் பரவலாக இருக்கிறது. ஃபுளோரிடாவின் செயிண்ட் அகஸ்டின் நகரத்தை ஸ்பானியர்கள் நிறுவியது 1565-இல். ஆங்கிலேயர்களின் முதல் நிலையான குடியிருப்பான ஜேம்ஸ்டவுன் தோன்றியது 1607-இல். மெக்சிகோவுடன் நடந்த போரின் முடிவில், 1848 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான குவாதலூப்பே இடால்கோ ஒப்பந்தத்தின் மூலம், இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா ஆகியவை முழுவதும், அரிசோனாவின் பெரும்பகுதியும், நியூ மெக்சிகோ, கொலராடோ ஆகியவற்றின் பகுதிகளும் அமெரிக்காவின் கைக்கு வந்தன. அங்கே குடியிருந்த மெக்சிகோ மக்கள் இருந்த இடத்தில் இருந்தபடியே அமெரிக்கக் குடிகளானார்கள். அவர்களுடைய சொத்துக்கும் சமயத்துக்கும் ஒப்பந்தம் பாதுகாப்பு அளித்தது. மொழியைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. எல்லையை நாங்கள் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது என்று அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் சொல்வது வெற்று முழக்கம் அல்ல.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஸ்பானிஷும் கப்பலேறி, படையோடும் பாதிரிமார்களோடும் வந்த மொழிதான். அதற்கு முன்பே அந்த மண்ணில் பேசப்பட்ட பழங்குடி மொழிகள் பலவற்றை அது நசுக்கியது. நவஹோ, கெரெஸ் போன்ற மொழிகளைப் பேசும் மக்கள் முன்னுரிமை கேட்டால், அந்தக் கேள்விக்கு ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும். நான் இங்கே பேசுவது, ஆங்கிலத்துக்கு முன்பே வேரூன்றிய ஒரு மொழியை ஆங்கில ஆட்சி எப்படி நடத்தியது என்பதைப் பற்றி மட்டுமே.

தொடக்கத்தில் அந்த ஆட்சி இவ்வளவு கறாராக இருக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1849-இல் மான்டரே நகரில் கூடிய கலிபோர்னியாவின் அரசமைப்பு மாநாட்டில் ஸ்பானிஷ் பேசும் பிரதிநிதிகளும் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு பங்கேற்றார்கள். அந்த மாநாடு எழுதிய அரசமைப்புச் சட்டம், வெளியிடப்பட வேண்டிய சட்டங்கள் அனைத்தும் ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகிய இரு மொழிகளிலும் வெளியாக வேண்டும் என்று விதித்தது. சரியாக முப்பது ஆண்டுகள்தான். இடையில் தங்க வேட்டைக்காக வந்து குவிந்த கூட்டம் மக்கள்தொகையைத் தலைகீழாக்கிவிட்டது. பழைய நிலவுரிமையாளர்கள் தங்கள் பட்டாக்களை ஆங்கிலத்தில் நடந்த வழக்குகளில் ஆண்டுக்கணக்கில் நிரூபிக்க நேர்ந்து நொடித்துப் போனார்கள். 1879-இன் புதிய அரசமைப்புச் சட்டம், அரசின் நடவடிக்கைகளும் ஆவணங்களும் ஆங்கிலம் தவிர வேறெந்த மொழியிலும் இருக்கலாகாது என்று எழுதி அந்தக் கதையை முடித்துவைத்தது. எண்ணிக்கை குறைந்தவுடன் மொழியின் இடமும் போய்விட்டது என்றால், அது முதலிலிருந்தே உரிமையாக அல்ல, தேவையாகவே கருதப்பட்டது என்றுதான் பொருள்.

நியூ மெக்சிகோவின் கதை வேறு. 1850 முதல் ஆட்சிப்பகுதியாக இருந்த அது மாநிலத் தகுதி பெற 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் தாமதத்துக்கு அங்கிருந்த ஸ்பானிஷ் பெரும்பான்மையும் ஒரு காரணம். 1902-இல் செனட் உறுப்பினர் ஆல்பர்ட் பெவரிட்ஜ் தலைமையில் வந்த குழு, நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறாரா, பள்ளிகளிலும் வீடுகளிலும் மக்கள் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்தது. அந்த மக்கள் அமெரிக்கக் குடிமை வாழ்வுக்குப் பக்குவப்பட்டவர்கள்தானா என்பதற்கு மொழியே அளவுகோலானது. ஆனால் மாநிலத்தின் அரசமைப்புச் சட்டம் 1910-இல் எழுதப்பட்டபோது ஸ்பானிஷ் வழியினர் கணிசமான எண்ணிக்கையில் அவையில் இருந்தார்கள். ஆங்கிலமோ ஸ்பானிஷோ பேசவோ படிக்கவோ எழுதவோ இயலாமையைக் காரணம் காட்டி எவருடைய வாக்குரிமையையும், பதவி வகிக்கும் உரிமையையும், ஜூரியில் அமரும் உரிமையையும் பறிக்கக் கூடாது என்ற விதியை அவர்கள் எழுதி வாங்கினார்கள். அந்த விதியை எளிதில் திருத்திவிட முடியாதபடி கடுமையான நிபந்தனைகளையும் சேர்த்தே எழுதினார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது அப்படியே நிற்கிறது.

டெக்சஸில் அத்தகைய காவல் எதுவும் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-இல், பள்ளிகளில் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் கற்பிப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. வகுப்பறையிலும் விளையாட்டுத் திடலிலும் ஸ்பானிஷ் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். மாநிலத்தின் மேற்குக் கோடியில் மார்ஃபா என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மெக்சிகோ வழிப் பிள்ளைகளுக்கெனத் தனியாக நடத்தப்பட்ட பிளாக்வெல் பள்ளியில் 1954-இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் படித்துவிட்டு என்னால் வெகுநேரம் வேறெதிலும் மனம் செலுத்த முடியவில்லை. இனி ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்று காகிதத் துண்டுகளில் எழுதும்படி பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அந்தத் துண்டுகள் ஒரு பெட்டியில் இடப்பட்டு, கொடிக்கம்பத்தின் அருகே குழி தோண்டி, இறுதிச் சடங்குபோலப் புதைக்கப்பட்டன. தாய் பேசும் மொழியைப் பிணமாக்கி அதைப் பிள்ளையின் கையாலேயே புதைக்கவைத்திருக்கிறார்கள். அப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் கட்டடத்தை இடிபடாமல் காத்தார்கள். 2022-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அது இன்று தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணப்படுகிறது. அந்த அங்கீகாரத்தில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. புதைத்ததற்கு நினைவுச்சின்னம் எழுப்பிய நாடு, புதைக்கப்பட்டதற்கு என்ன இடம் கொடுத்தது என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

குடிமை உரிமைப் போராட்டங்களின் காலம் பலவற்றை மாற்றியது. மாறாதது அடிப்படைப் பார்வை. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் இனம், நிறம், சமயம், பாலினம், பிறந்த நாடு முதலியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் மொழி இல்லை. மொழியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர், தான் பிறந்த நாட்டின் பெயரால் ஒதுக்கப்பட்டதாக வாதிட வேண்டும். பல தலைமுறைகளாக நியூ மெக்சிகோவின் தலைநகர் சாண்டா ஃபேயில் பிறந்து வளர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவரும் அந்த வாசல் வழியாகத்தான் நீதிமன்றத்துக்குள் நுழைய முடியும் என்பதில் உள்ள முரண் கொஞ்சநஞ்சமல்ல.

வாக்குரிமைச் சட்டத்தில் 1975-இல் சேர்க்கப்பட்ட 203-ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். ஒரு வட்டாரத்தில் ஆங்கிலம் போதாத ஒரே மொழிச் சிறுபான்மையினர், வாக்களிக்கும் வயதுள்ள குடிமக்களில் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தாலோ, அல்லது 10,000 பேருக்கு மேல் இருந்தாலோ, அவர்களுடைய எழுத்தறிவின்மை தேசிய அளவைவிடக் கூடுதலாகவும் இருந்தால், வாக்குச்சீட்டு முதல் அறிவிப்புகள்வரை அனைத்தும் அவர்களுடைய மொழியிலும் தரப்பட வேண்டும். டெக்சஸ், கலிபோர்னியா, ஃபுளோரிடா ஆகிய மூன்றும் ஸ்பானிஷுக்காக மாநிலம் முழுவதுமே இதன் கீழ் வருகின்றன. நல்ல சட்டம்தான், வாக்குச்சாவடியில் முதியவர்கள் தங்கள் மொழியில் அச்சான தாளை விரித்து வைத்து ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே நிறைவாக இருக்கும். ஆயினும் அந்த அளவுகோலைக் கவனியுங்கள். அந்த மக்கள் எத்தனை பேர் ஸ்பானிஷ் அறிந்தவர்கள் என்பது கணக்கில் வருவதில்லை. எத்தனை பேர் ஆங்கிலம் அறியாதவர்கள், எத்தனை பேர் எழுத்தறியாதவர்கள் என்பதுதான் கணக்கு. அவர்கள் கல்வியில் முன்னேற முன்னேற, அவர்களுடைய மொழி வாக்குச்சீட்டிலிருந்து விலகிக்கொண்டே போகும்.

இந்தப் பார்வை மனிதர்களுக்கு இடையே எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் அருகிலிருந்து பார்த்தேன். பத்து வயது இருக்கக்கூடிய ஒரு சிறுமி, தன் பாட்டிக்கும் பதிவு மேசை ஊழியருக்கும் இடையே நின்று பேசிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் அவள் தடையின்றிப் பேசினாள். ஸ்பானிஷில் கேள்வியைத் திருப்பிக் கேட்கும்போது நடுவில் நின்று நின்று, விரலால் தன் நெஞ்சையும் தோளையும் தொட்டுக் காட்டினாள். சற்று நேரத்தில் சக்கரம் பொருத்திய திரை ஒன்று தள்ளிக்கொண்டு வரப்பட்டது. அதில் தோன்றிய மொழிபெயர்ப்பாளர் பாட்டியிடம் நேரடியாகப் பேசத் தொடங்கியதும் அந்த முதியவரின் முகம் தெளிந்தது, பேச்சு வெள்ளமாக வந்தது. மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அந்த விதி அன்று சரியாகவே வேலை செய்தது. பாட்டிக்குச் சட்டம் துணை நின்றது. ஸ்பானிஷ் கையைவிட்டு நழுவிக்கொண்டிருந்த அந்தச் சிறுமிக்குத் துணை நிற்க எந்தச் சட்டமும் இல்லை, ஏனெனில் அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வருகிறது.

கல்வித் துறையில் இது இன்னும் வெளிப்படை. டெக்சஸின் செனட் உறுப்பினர் ரால்ஃப் யார்பரோ முன்னின்று கொண்டுவந்த 1968-ஆம் ஆண்டின் இருமொழிக் கல்விச் சட்டம், ஸ்பானிஷ் பேசும் ஏழைப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே பிறந்தது. நடைமுறையில் அந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்குக் கொண்டு சேர்க்கும் பாலமாகவே நடந்தன. அந்தப் பாலத்தையும் பொறுக்காமல், கலிபோர்னியாவின் வாக்காளர்கள் 1998-இல் 227-ஆம் முன்மொழிவுக்கு 61 சதவீத ஆதரவளித்து இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தார்கள். 2002-இல் மத்திய அரசின் கல்விச் சட்டமும் ஆங்கிலம் கற்பித்தலையே நோக்கமாக அறிவித்தது. பிறகு காற்று திசைமாறியது. 2016-இல் அதே கலிபோர்னியாவில் 73 சதவீதத்துக்கும் அதிகமானோர் 58-ஆம் முன்மொழிவை ஆதரித்து அந்தத் தடையை விலக்கினார்கள். இந்த மாற்றத்தின் பின்னால், தங்கள் பிள்ளைகள் இரு மொழிகள் கற்க வேண்டும் என்று விரும்பிய ஆங்கிலம் பேசும் பெற்றோரும் இருந்தார்கள். ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளை ஸ்பானிஷ் கற்றால் அது சாதனை; ஸ்பானிஷ் குடும்பத்துப் பிள்ளை அதே மொழியோடு பள்ளிக்கு வந்தால் அது சரிசெய்ய வேண்டிய குறை. இந்த இரட்டைப் பார்வை ஒரே பள்ளியின் அடுத்தடுத்த வகுப்பறைகளில்கூட இருக்கலாம்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஜூரி தொடர்பான சட்டம். 1991-இல் ஹெர்னாண்டஸ் எதிர் நியூயார்க் என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. புரூக்ளினில் நடந்த குற்ற விசாரணை ஒன்றில், ஸ்பானிஷும் ஆங்கிலமும் அறிந்த லத்தீனோ (லத்தீன் அமெரிக்க) வழியினர் இருவரை ஜூரியில் சேர்க்காமல் அரசுத் தரப்பு வழக்கறிஞர் நீக்கியிருந்தார். சாட்சிகள் சிலர் ஸ்பானிஷில் பேசுவார்கள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்வார். பதிவேட்டில் ஏறுவது அந்த ஆங்கிலம்தான். ஸ்பானிஷ் அறிந்த ஜூரி உறுப்பினர், சாட்சியின் வாயிலிருந்து தன் காதால் கேட்டதை ஒதுக்கிவிட்டு, மொழிபெயர்ப்பை மட்டுமே ஏற்க வேண்டும். அப்படிச் செய்வீர்களா என்று கேட்டபோது அந்த இருவர் தயங்கினார்கள், முயல்கிறோம் என்றார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதே வழக்கறிஞர் காட்டிய காரணம். அது இனப் பாகுபாடு அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தயக்கத்தில் எனக்கு நேர்மைதான் தெரிகிறது. காதில் விழுந்த உண்மையை விழவில்லை என்று கொள்ளச் சொன்னால், மனச்சாட்சியுள்ள எவரும் ஒரு நொடி யோசிக்கத்தான் செய்வார். ஆங்கிலம் தெரியாதது குறை என்று இருந்த நிலை போய், ஆங்கிலத்தோடு ஸ்பானிஷும் தெரிந்திருப்பதே குறை என்றாகிவிட்டது.

இதற்கு நேரெதிராக நியூ மெக்சிகோவில் நடப்பதைப் பாருங்கள். ஆங்கிலம் தெரியாத குடிமகனையும் ஜூரியில் அமர்த்த நீதிமன்றம் நியாயமான முயற்சிகள் அனைத்தையும் எடுக்க வேண்டும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. ஜூரியினர் கலந்துபேசும் மூடிய அறைக்குள்ளும் மொழிபெயர்ப்பாளர் உடன் செல்கிறார். விவாதத்தில் தலையிட மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டு, ஒருவருடைய கருத்தை மற்றவர்களுக்கும் அவர்களுடையதை அவருக்கும் எடுத்துச் சொல்கிறார். செலவு ஆகிறது, நேரம் ஆகிறது. நீதி பரிபாலனம் அதனால் குலைந்துவிடவில்லை. இத்தனைக்கும் காரணம் 1910-இல் எழுதப்பட்ட அந்த ஒரு விதி. சட்டத்தில் உரிமை என்று எழுதிவைப்பதற்கும் வசதி என்று விட்டுவைப்பதற்கும் உள்ள தூரத்தை அளக்க எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

புவேர்ட்டோ ரிக்கோவில் இந்த முரண் உச்சத்தைத் தொடுகிறது. 1898-இல் அமெரிக்காவின் வசமான அந்தத் தீவில் மிகப் பெரும்பாலான மக்களின் தாய்மொழி ஸ்பானிஷ். அரை நூற்றாண்டு காலம் பள்ளிகளில் ஆங்கிலத்தைத் திணித்தும் அது அசையவில்லை. தீவின் சொந்த நீதிமன்றங்களும் சட்டமன்றமும் ஸ்பானிஷிலேயே இயங்குகின்றன. அங்கே உள்ள மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம் மட்டும் சட்டப்படி ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும். அதில் ஜூரியாக அமர ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். 1917 முதல் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கும் அந்த மக்களில் பெரும்பான்மையோர், தங்கள் ஊரில், தங்கள் அண்டை வீட்டார்மீது நடக்கும் வழக்கில் ஜூரியாக அமரத் தகுதியற்றவர்களாகிறார்கள்.

2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் நிர்வாக ஆணை ஒன்றின் மூலம் ஆங்கிலத்தை நாட்டின் அலுவல் மொழியாக அறிவித்தார். அமெரிக்காவின் அரசமைப்புச் சட்டத்தில் அலுவல் மொழி என்று எதுவும் இல்லை. அதுவரை மத்திய அளவில் அப்படி ஓர் அறிவிப்பும் இருந்ததில்லை. ஆங்கிலம் போதாதவர்களுக்கு அரசு அமைப்புகள் சேவைகளை எளிதாக்க வேண்டும் என்று 2000-இல் அதிபர் கிளின்டன் பிறப்பித்திருந்த ஆணையும் அத்துடன் ரத்தானது. பிற மொழிகளில் வழங்கும் சேவைகளை உடனே நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை, அந்தந்த அமைப்பின் தலைவரே முடிவு செய்யலாம் என்கிறது புதிய ஆணை. வாக்குரிமைச் சட்டமும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை என்பதால் அவை நிர்வாக ஆணையால் அசையா. மற்றவற்றுள் பல அதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்தவை. ஒரு கையெழுத்தில் வந்த உதவி இன்னொரு கையெழுத்தில் போவதில் வியப்பில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் குடியேற்றச் சோதனைகளுக்குக் கீழ் நீதிமன்றம் விதித்திருந்த கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. தோற்றம், ஸ்பானிஷ் பேசுதல், இருக்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டுமே வைத்து ஒருவரைத் தடுத்து நிறுத்தக் கூடாது என்பதே அந்தக் கட்டுப்பாடு. ஒரு மொழியைத் தெருவில் பேசுவது சந்தேகத்துக்கான காரணங்களுள் ஒன்றாகலாம் என்றால், அந்த மொழிக்கு நாட்டில் உள்ள இடத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

ஸ்பானிஷுக்கு இடம் கொடுத்தால் சீனத்துக்கும் வியட்நாமியத்துக்கும் ஏன் தமிழுக்கும்கூடக் கொடுக்க வேண்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ் பேசும் நாங்கள் விமானமேறி இங்கே வந்தோம். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது எங்கள் பொறுப்பு, வார இறுதி வகுப்புகளில் அதைச் செய்ய முயல்கிறோம். ஒப்பந்தம் ஒன்றின் மூலம் நிலத்தோடு சேர்த்துப் பெற்றுக்கொள்ளப்பட்ட மக்களின் மொழியை இதோடு ஒப்பிட முடியாது. ஸ்பானிஷ் பேசுவோரில் மிகப் பலரும் அண்மைக் காலத்தில் வந்தவர்கள் என்பது உண்மை. பிறகு வந்தவர்கள் பெருகியதால் முன்பே இருந்தவர்களின் உரிமை தேய்ந்துவிடாது.

ஆங்கிலத்துக்கு ஸ்பானிஷால் ஆபத்து என்ற அச்சத்துக்கோ ஆதாரமே இல்லை. கரைந்துகொண்டிருப்பது ஸ்பானிஷ்தான். பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, லத்தீனோ வழிப் பெரியவர்களில் ஏறத்தாழ 4-இல் ஒருவரால் ஸ்பானிஷில் ஓர் உரையாடலை நடத்த இயலவில்லை. ஸ்பானிஷ் வராத லத்தீனோக்களில் பாதிக்கும் மேற்பட்டோர், அதற்காகச் சக லத்தீனோக்களாலேயே ஏளனம் செய்யப்பட்டிருக்கிறார்கள். பெற்றோரின் தலைமுறை அந்த மொழியைப் பேசியதற்காக அடி வாங்கியது. அந்த வலி பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலம் பேசியது. பிள்ளைகள் இப்போது பேசாததற்காகத் தலைகுனிகிறார்கள். புதிதாக வருவோரால்தான் மொத்த எண்ணிக்கை உயர்ந்து நிற்கிறது.

வாக்குரிமைச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு 2006-இல் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2032-இல் அது காலாவதியாகிறது. அதை மீண்டும் நீட்டிப்பதா என்ற விவாதம் நாடாளுமன்றத்துக்கு வரும்போது, இன்னும் எத்தனை பேருக்கு ஆங்கிலம் வரவில்லை என்ற கணக்கைத்தான் இரு தரப்பும் மேசையில் வைக்கும். நியூ மெக்சிகோவின் அந்த விதியை முன்மாதிரியாக வைத்து, வாக்குச்சீட்டிலும் ஜூரி இருக்கையிலும் ஸ்பானிஷை ஒரு குடிமகனின் மொழியாகவே ஏற்கும் ஒரு வரியைப் புதிய சட்டத்தில் சேர்க்கும்படி கேட்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்கான வாக்குகள் இன்றைய நாடாளுமன்றத்தில் இல்லை. 1910-இல் சாண்டா ஃபேயில் கூடியவர்களும் பெரும்பான்மையை வைத்துக்கொண்டு அதைக் கேட்கவில்லை. அவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்துகொண்டுதான் கேட்டார்கள்.